மூடியியல்: கேளிக்கைப் பூங்காப் பின் பரிமாற்றம் குறித்த ஓர் ஆராய்ச்சி

நூலுக்கு எல்லை கூறுவது நம் மரபு. இவ்வாராய்ச்சிக்கு மேற்கெல்லை கலிபோர்னியாவின் அனாஹைம். கிழக்கெல்லை ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ. அவ்விரண்டு ஊர்ப்பக்கமும் உள்ள டிஸ்னி பூங்காக்களில் கழுத்தில் ஒரு நாடாவைத் தொங்கவிட்டு, அது நெடுக எனாமல் பின்களைக் குத்திக்கொண்டு, எதிர்ப்படும் ஊழியரின் நாடாவிலிருந்து ஒன்றை வாங்கி ஒன்றைக் கொடுக்கும் வழக்கமே நுதலிய பொருள். பாரிஸும் ஹாங்காங்கும் புறனடையாற் கொள்ளப்படும். டோக்கியோவில் இவ்வழக்கம் வேரூன்றவில்லை; ஆகவே டோக்கியோவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத ஒன்றுமில்லை என்பது ஆய்வுலகில் இதுவரை எவரையும் தடுத்ததில்லை என்றாலும், நாம் தடுத்துக்கொள்கிறோம். கேட்போர், புதிதாகத் தொடங்குவோர். பயன், இருந்தால் பின்னர்க் கூறப்படும்.

வரலாறு சொல்லாமல் தொடங்குவது அவைமரியாதை ஆகாது என்பதால் சுருங்கச் சொல்வோம். 1170-இல் கான்டர்பரி தேவாலயத்தில் பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்ட பிறகு அங்கே போன யாத்திரிகர்கள் ஈயமும் தகரமும் கலந்து வார்த்த சிறு சின்னங்களை வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டு ஊர் திரும்பினர். 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர்களுக்கு அட்டையில் செய்த சின்னம் இருந்தது. 1988-இல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் கோகோ கோலா நிறுவனம் பின் மாற்றுவதற்கென்றே ஒரு கூடம் திறந்தது. 1999 அக்டோபரில், புத்தாயிரக் கொண்டாட்டத்தின் பகுதியாக, ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. இந்நான்குக்கும் தொடர்பு உண்டா? ஆண்டு வரிசைப்படி அடுக்கிவிட்டால் எதற்கும் எதற்கும் தொடர்பு வந்துவிடும் என்பது வரலாற்றாசிரியர்கள் நமக்களித்த கொடை. அதை மறுக்க நாம் யார்?

மேற்கோள் முறை பற்றி ஒரு சொல். இத்துறையில் பின்னின் மூடியைப் பற்றி முன்னோர் கூற்று இல்லை. ஆகவே பின்னோர் கூற்றை, அதாவது இனி எழுதப்படவிருக்கும் உரைகளை, மேற்கோளாகக் கொள்கிறோம். இல்லாத நூலை எடுத்தாள்வது முறையா என்று சிலர் கேட்கலாம். இருக்கும் நூலைப் படிக்காமல் எடுத்தாள்வதைக் காட்டிலும் இது நேர்மையானது என்பது நம் துணிபு. படிக்காத நூலில் இல்லாததைச் சொல்லி மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இதில் இல்லை.

இனி, நிறுவப் புகுவது இதுவே: பின்னுக்கு முதன்மையானது அதன் முகம் அன்று, முதுகு, முதுகிலும் முதன்மையானது அதைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் மூடி. புதிதாக வருபவர் கடையில் மின்னும் மிக்கியையும் டொனால்டையும் பார்த்து மயங்குகிறார். மயக்கம் இயல்பு. ஆனால் பரிமாற்ற விதிகளை எடுத்துப் பாருங்கள். பின் உலோகத்தால் ஆகி, எனாமல் பூசியதாக இருக்க வேண்டும். பின்புறத்தில் டிஸ்னியின் பதிப்புரிமைக் குறி இருக்க வேண்டும். உடைந்தும் நெளிந்தும் இருத்தல் ஆகாது. ஒரு சமயத்தில் ஒன்றுக்கு ஒன்று, கைக்குக் கை. ஓர் ஊழியரோடு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் இல்லை. பூங்கா எல்லைக்குள் பின்னுக்குக் காசு கைமாறக் கூடாது. பிறர் நாடாவைத் தொடக் கூடாது. அருகில் பார்க்க வேண்டுமென்றால் கேட்டுப் பார்க்க வேண்டும். இவற்றோடு, கொடுக்கும் பின் மூடி மாட்டிய நிலையிலேயே கைமாற வேண்டும். பின் அழகாக இருக்க வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. நூறு பேர் சீண்டாத பின்னை நீங்கள் நீட்டினாலும் விதிக்கு உட்பட்டதாயின் ஊழியர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, நீங்கள் சுட்டிக்காட்டும் ஃபிக்மென்ட் உருவப் பின்னைக் கழற்றித் தருவார். விதி முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகைத் திருப்பிப் பார்க்கிறது. மூடி இருக்கிறதா என்று பார்க்கிறது.

இதற்குத் தடை இரண்டு. ஊழியரின் நாடாவில் ஏற்கெனவே உள்ள பின்னையே மறுபடி கொடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டே, அது முகத்தைப் பார்த்துத்தானே சொல்லப்பட்டது என்பது முதல் தடை. அவ்விதி நாடாவில் உள்ள மற்றொரு பின்னைப் பற்றியது, கொடுக்கும் பின்னைப் பற்றியதன்று என்பது விடை. இவ்விடை நமக்கே முழு நிறைவு தரவில்லை. ஆயினும் பட்டமளிப்புக்கு இவ்வளவு போதும். இரண்டாம் தடை வலுவானது. 2002-இல் ஊழியர் நாடாவுக்கென்றே பின்களின் ஒரு வரிசை வந்தது. பின்னாளில் அதற்கு ‘ஹிடன் மிக்கி’ என்று பெயராயிற்று. முதலில் ஊழியரிடம் மாற்றித்தான் பெற முடியும் என்பதால் சேகரிப்போர் இதைத் தேடி அலைவர். இதற்கு அடையாளமான சிறிய மிக்கித் தலை பின்னின் முகத்தில்தானே பொறிக்கப்பட்டிருக்கிறது? உண்மை. முகத்தில் ஒன்று, அதுவும் ஒளித்து வைத்தது. அதே பின்னைத் திருப்புங்கள். முதுகு நெடுக மிக்கித் தலைகள் கட்டம் கட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே முளைத்த கூரிய தண்டில் ரப்பராலான மிக்கித் தலை ஒன்று மாட்டியிருக்கும். ஒளிந்திருக்கும் ஒன்றை விட்டு, வெளிப்பட நிற்கும் பலவற்றைக் கொள்வதே ஆய்வு நெறி.

பின்களின் வகை பற்றியும் கூற வேண்டும். அளவின்றிச் செய்து விற்கப்படுவன, எண்ணிக்கை வரையறுத்துச் செய்யப்படுவன, உள்ளே எது இருக்கிறதென்று சொல்லாமல் பெட்டியில் அடைத்து விற்கப்படுவன என மூன்று. முதல் இரண்டும் வெளிப்படை. மூன்றாவதை ஆராய வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் அது மூன்றாம் வகையாக இராது.

மானிடவியலார் இவ்விடத்தில் கை உயர்த்துவர். டிரோப்ரியண்ட் தீவுகளின் குலா வளையத்தை மாலினோவ்ஸ்கி 1922-இல் நூலாக்கினார். அதில் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் கைவளைகள் எதிர்த்திசையிலும் தீவுக்குத் தீவு கைமாறும். அன்று தொட்டு எந்த இருவர் எதை மாற்றிக்கொண்டாலும் அதைக் குலா என்று எழுதுவது அத்துறையில் தேர்ச்சிக்கு அடையாளம். நாம் எழுதப் போவதில்லை. குலாவில் மூடி இல்லை. பொருளியலாரோ, அரிய பின்னையும் மலிந்த பின்னையும் ஒன்றுக்கொன்று மாற்றுவது அறிவுடைமை ஆகாது என்பர். ஊழியரிடம் கொடுப்பவர் மலிந்ததையே கொடுக்கிறார். அரியதை வைத்திருப்பவர் அதை இன்னொரு சேகரிப்பாளரோடு பேரம் பேசி மாற்றிக்கொள்கிறார். ஆக, அறிவுடைமைக்குக் குறைவில்லை. குறைவு வேறிடத்தில் இருக்கிறது.

அக்குறைவுக்கு ‘ஸ்கிராப்பர்’ என்று பெயர். தொழிற்சாலையில் ஆர்டருக்கு மேல் அடித்தவை, கழித்துப் போட்டவை, வேறெங்கோ படியெடுத்து வார்த்தவை எல்லாம் இப்பெயரில் அடங்கும். இணையத்தில் மொத்தமாக மலிவு விலைக்குக் கிடைக்கும் பின்களில் பெரும்பாலானவை இவையே. பூங்காக் கடையில் ஒற்றைப் பின்னே பத்து டாலரைத் தாண்டும்போது ஐம்பது பின்களை அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் தொடங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி எது என்று சொல்லத் தேவையில்லை. போலியை அறிவது எப்படி? முகத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கலாம்: எனாமல் பள்ளம் விழுந்திருக்கும், ஓரம் சொரசொரப்பாக இருக்கும், ஒரு நிறம் கோடு தாண்டி அடுத்த கட்டத்தில் வழிந்திருக்கும். ஆனால் நல்ல பின்னிலேயே சில வகையில் எனாமல் உலோகக் கோட்டுக்குத் தாழ்ந்துதான் இருக்கும். ஆகவே முகச்சான்று ஏமாற்றும். முதுகைத் திருப்பினால், மிக்கித் தலைக் கட்டங்கள் விளிம்பு வரை ஓடுகின்றனவா, விளிம்புக்கு முன்னரே நின்று ஒரு வெற்றுக் கரை விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கரை இருந்தால் ஐயம் கொள்க. அச்சு அதே, உள்ளடக்கம் அதே, ஓரம் மட்டும் சரியாக வரவில்லை, நிறம் ஒரு சாயல் மங்கல், எடை குறைவு: இவ்விலக்கணம் வேறு சில வெளியீடுகளுக்கும் பொருந்துமே என்று முனைவர் பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடுவோர் நினைக்கக் கூடும். நினைப்பது அவர் உரிமை. நாம் பின்னைப் பற்றியே பேசுகிறோம்.

இனி மூடி. தோட்டுக்குத் திருகாணி எப்படியோ, பின்னுக்கு மூடி அப்படி: காதில் தெரிவது தோடு, தோட்டைக் காப்பது திருகாணி. மூடி கறுப்பு ரப்பரால் ஆனது. பெரிய வட்டம் ஒன்று முகமாகவும் சிறிய வட்டம் இரண்டு செவிகளாகவும் அமையும். தண்டு நுழையும் துளை முகத்தின் நடுவே. தண்டில் அழுத்தினால் கவ்விக்கொள்ளும். கவ்விய பின்னும் சுற்றினால் சுற்றும். ஈண்டுத்தான் பெருஞ்சிக்கல் பிறக்கிறது. மூடி சுழலுமாயின், அதன் செவிகள் எத்திசை நோக்கி இருத்தல் வேண்டும்?

பின்னின் முகத்திலுள்ள மிக்கியின் செவிகள் மேல்நோக்கி இருப்பதால் மூடியின் செவிகளும் மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்பர் நேர்செவியார் (‘மூடி நூல்’ முதல் உரை, இன்னும் எழுதப்படவில்லை). அணிந்தவர் குனிந்து நாடாவைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் மூடி கண்ணில் படும். புரட்டும்போது மேல் கீழாகும். ஆகவே கீழ்நோக்கி மாட்டினாலே மேல்நோக்கித் தெரியும் என்பர் எதிர்செவியார் (மேற்படி உரைக்கு வரவிருக்கும் மறுப்பு, மூன்றாம் இயல், உரையாசிரியர் இன்னும் பள்ளியில் சேரவில்லை). பெரிய பின்களில் தண்டு இரண்டு இருப்பதால் மூடியும் இரண்டு. ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக மாட்டி இரு சாராரையும் அமைதிப்படுத்தலாம் என்பர் இணக்கநெறியார். அதனால் இரு சாராரும் அவரைத் தாக்குவர். தண்டு ஒன்றேயான சிறு பின்னில் பக்கத்தில் கூர் போன்ற ஒரு முனை இருக்கும். பின் நாடாவில் சுழன்றுவிடாமல் அது தடுக்கும். பின் சுழலாமலும் மூடி சுழன்றும் இருத்தலால் செவிநிலை நிலையற்றது; நிலையற்றதைப் பற்றி வாதிடுவது வீண் என்பது நான்காம் கொள்கை. இக்கொள்கையை விளக்கி எழுதப்படவிருக்கும் நூல் தொள்ளாயிரம் பக்கம் வரும். அதன் வெளியீட்டு விழா மலரில், வாழ்த்துரைகளுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தில், அடிக்குறிப்பு நாற்பத்தொன்றில், ‘செவி’ என்பது ‘செவ்வி’ என்று பிழைபட அச்சாகும். அப்பிழையையே பாடமாகக் கொண்டு, மூடி மாட்டுவதற்கு நல்ல நேரம் எது என்று ஆராயும் ஐந்தாம் கொள்கை தோன்றி மற்ற நான்கையும் விஞ்சும். ஏடுகளின் வரலாறு அறிந்தவர்க்கு இது வியப்பாக இராது.

நம் முடிபு யாதெனில், ஊழியர் பின்னைக் கையில் வாங்கும்போது மூடி இருக்கிறதா என்று பார்க்கிறார். செவி எங்கே என்று பார்ப்பதில்லை. இம்முடிபை ஒரே வாக்கியத்தில் முன்னமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மேலே உள்ள பத்தி இருந்திராது.

கடைசித் தடை ஒன்று எஞ்சியிருக்கிறது. ரப்பர் மூடி நாள்பட நெகிழ்ந்து, கூட்டத்தில் யார் தோளாவது உரசினால் கழன்றுவிடும். பின் எங்கே விழுந்ததென்றே தெரியாது. ஆகவே சிறு சாவி கொண்டு இறுக்கும் உலோகப் பூட்டு மூடிகளே சிறந்தவை, ரப்பர் மூடி வழக்கொழியும் என்பர். உலோக மூடி பின்னைக் காக்கும் என்பது சரி. ஆனால் அதை மாட்டியவர் மாற்றுவதில்லை. வரிசையில் நின்று, முறை வந்ததும், பையிலிருந்து சாவியைத் தேடி எடுத்து, திருகித் திருகிக் கழற்றி நீட்டுவதற்குள் பின்னால் நிற்கும் குடும்பம் ஊர்வலம் பார்க்கப் போய்விடும். மாற்ற எண்ணாத பின்னுக்கு உலோகமும் மாற்ற எண்ணிய பின்னுக்கு ரப்பரும் என ஒரே நாடாவில் இரண்டையும் வைத்திருப்பவரைக் காணலாம். உலோகத்தைக் கண்டால் கேட்காமலே விலகிவிடுவது நாகரிகம். ஆக, எது பண்டம் எது உடைமை என்று வரையறுத்துச் சொல்வதும் மூடியே என்றாகிறது. தடை கூறியவர் நம் கட்சிக்கே சான்று தந்தார்.

இவ்வளவும் தெரிந்த பின் தொடங்குவோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. நாடாவோடு சில பின்கள் சேர்ந்து வரும் தொடக்கப் பொட்டலம் ஒன்றைப் பூங்காக் கடையிலேயே வாங்குக. அதில் பிடித்த ஒன்றிரண்டை வீட்டில் வைத்துவிட்டு மற்றவற்றைக் கொடுக்க எடுத்துச் செல்க. கேட்டுவிட்டுப் பார்க்க, பார்த்துவிட்டுச் சுட்டுக, தொடாதீர். சிறுவரோடு மட்டும் மாற்றிக்கொள்வதற்கென்று தனி நாடா அணிந்த ஊழியர் இருந்தால் அங்கே பெரியவர் கை நீட்டலாகாது. ரப்பர் மூடி ஒரு கைப்பிடி கூடுதலாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்க. துளை ஏன் மூக்கின் மேல் விழுகிறது என்பதும், அது மிக்கிக்கு இழுக்கா என்பதும் அடுத்த அதிகாரத்தில் ஆராயப்படும்.