அப்பளம், பிரபு, அறுநூற்று இருபது ஏக்கர்

ஜென்டில்மேன் என்றால் யார்? தமிழ் சினிமா ரசிகரைக் கேட்டால், பகலில் அப்பளம் விற்று இரவில் கொள்ளையடிப்பவர் என்பார். 1993-ல் ஷங்கர் அப்படித்தான் பாடம் எடுத்தார். அந்தக் கால ஆங்கிலேயரைக் கேட்டால், கையில் அழுக்குப் படாமல் சாப்பிடுகிறவர் என்பார்.

வேல்ஸின் கார்டிஃப் நகரத்து பியூட் பிரபுக்கள் இந்த இரண்டாம் வகை. நிலத்துக்கு அடியில் கிடக்கும் கரியும் நிலக்காரருக்கே சொந்தம் என்பது அந்த ஊர்ச் சட்டம். 1938-ல்தான் அதற்கு முடிவு கட்டினார்கள். அதுவரை வேல்ஸ் தொழிலாளி இருட்டில் இருமிக்கொண்டே வெட்டிய ஒவ்வொரு டன்னுக்கும் பிரபுவுக்குப் பங்கு போனது. மூன்றாம் பியூட் பிரபு அந்தப் பணத்தில் கார்டிஃப் கோட்டையைப் புதுப்பித்து, விதானத்துக்குத் தங்கம் பூசிக்கொண்டார். கடப்பாரையை அவர் தொட்டதில்லை. பரம ஜென்டில்மேன்!

இப்போது தென்னார்க்காட்டுக்கு வாருங்கள். 1935-ல் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குக் குழாய் இறக்கினார். தண்ணீரோடு கறுப்புத் துகளும் வந்தது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கிணறு வெட்டியவன் கூலியைப் பிடித்துக்கொண்டு, வாஸ்து பார்க்க ஆள் அனுப்புவோம். முதலியார் அரசாங்கத்துக்குத் தகவல் சொன்னார்.

அரசாங்கம் அவசரப்படுகிற ஜாதியா? 1940-களில் துளை போட்டுப் பார்த்தது. நிபுணர்கள் வந்தார்கள், போனார்கள், அறிக்கை எழுதினார்கள். நடுவில் ஓர் உலகப்போரும் ஒரு சுதந்திரமும் முடிந்தன. முதலியார் தன் பங்குக்கு 620 ஏக்கரைத் தானமாகவே கொடுத்துவிட்டார். 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. அடுத்த மே 20-ல், கத்திரி வெயிலில், நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

பூமிக்கும் குசும்பு உண்டு. தண்ணீர் கேட்ட முதலியாருக்குக் கரியைக் கொடுத்தது. கரி கேட்ட அரசாங்கத்துக்குத் தண்ணீரைக் கொடுத்தது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நின்ற ஊற்றுநீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மேலே கிடந்த கடலூர் மணற்கல்லோ ஜெர்மன் வெட்டு எந்திரத்தின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டே சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது.

முதலியார் கொடுத்தார், மற்றவர்களிடம் எடுத்துக்கொண்டார்கள். வயல் இருந்த இடத்தில் நிழல் மரச் சாலைகளோடு டவுன்ஷிப் எழுந்தது. அதற்குள் ஒருவரின் தராதரம் அறிய பரம்பரை விசாரிக்க வேண்டியதில்லை, ‘எந்த பிளாக், என்ன டைப் குவார்ட்டர்ஸ்?’ என்றால் போதும். வேலிக்கு வெளியே, நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் நிரந்தர வேலை கேட்டு நின்றார்கள். 2011-ல் நிறுவனம் அரசின் ‘நவரத்னா’ பட்டம் பெற்றது. 620 ஏக்கர் கொடுத்தவருக்கு 2013-ல் ஒரு தபால்தலை கிடைத்தது.

2023 ஜூலையில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் எந்திரத்தை இறக்கினார்கள். நிலம் எப்போதோ கையகப்படுத்தியாயிற்று, காகிதம் சுத்தம் என்றது நிறுவனம். இருக்கலாம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. பொறுக்கச் சொல்லிக் காகிதத்தில் எழுதியிருக்காது. அப்படிப் பார்த்தால், 1935-ல் கறுப்புத் துகளைக் கண்டவர் வாயைத் திறக்காமல் குழாயை மூடியிருந்தாலும் யாரும் வந்து கேட்டிருக்கப் போவதில்லை.

ஆக, சட்டம் முடிகிற இடத்தில் நின்றுவிடாமல் இன்னும் நாலடி நடப்பவரே ஜென்டில்மேன். நவரத்னா பட்டம் தர லாபத்தைப் பார்க்கிறார்கள், நிகர மதிப்பைப் பார்க்கிறார்கள். இந்த நாலடிக்கு மார்க் போட மட்டும் அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.