பேனமில் அத்தான் தேற மாட்டார்

ஸ்கார்பரோ, டொராண்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால், மூக்கு இருந்த இடத்தில் இருக்கிறது. வெளியே போய்விட்டு வந்ததும் தொட்டுப் பார்த்துத்தான் அதை உறுதிசெய்கிறோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டின் புழுக்கத்தை நினைத்து ஏங்கும் அளவுக்கு வந்துவிட்டேன் என்றால் பனி எப்படி என்று நீயே பார்த்துக்கொள்.

போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்ல முடியவில்லை, சின்னவள் பக்கத்தில் நின்றாள். “பிள்ளைகள் ஒண்ணையொண்ணு வெட்டிக் கொல்லுத புஸ்தகத்தையா பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு வாங்கிக் குடுத்திருக்கே?” என்றாய். வாங்கிக் கொடுக்கவில்லை அக்கா, அவளே நூலகத்தில் எடுத்தாள். உன் கட்சிக்கு ஆளில்லாமலும் இல்லை. அமெரிக்காவில் 2010, 2011 ஆண்டுகளில் பெற்றோர் அதிகம் எதிர்த்த பத்துப் புத்தகங்களில் இதுவும் ஒன்று என்று அங்குள்ள நூலகச் சங்கமே பட்டியல் போட்டது. ஆனால் இந்த ஊர் நூலகத்தோடு சண்டை போட முடியாது. நூறு கிளை. ஒரு கார்டுக்கு ஐம்பது புத்தகம். தாமதமானால் அபராதமும் கிடையாது, 2022-லேயே எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பெருமை விடுமா? “எங்க பாளையம் ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி 1829-இல் ஆரம்பிச்சது. அப்போ உங்க டொராண்டோவுக்கு அந்தப் பேரே கிடையாது, யார்க்னு கூப்பிட்டாங்க” என்றேன். “சரிப்பா, அங்கே ஒரு தடவைக்கு எத்தனை புக் தருவாங்க?” என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூசன் காலின்ஸ் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’. 2008-இல் முதல் புத்தகம், 2010-க்குள் மூன்று. 2020-லும் 2025-லும் முன்கதையாக இரண்டு. வட அமெரிக்கா அழிந்த இடத்தில் பேனம் என்று ஒரு நாடு. நடுவில் கேபிடல் என்ற பணக்காரத் தலைநகரம், சுற்றிலும் பன்னிரண்டு மாவட்டங்கள். என்றோ கலகம் செய்ததற்குத் தண்டனையாக, மாவட்டத்துக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணுமாக 24 பிள்ளைகளை ஆண்டுதோறும் களத்தில் இறக்கிவிடுவார்கள். ஒரே ஒருவர் மிஞ்சும்வரை டிவியில் நேரடி ஒளிபரப்பு. வயது 12 முதல் 18 வரை, தேர்வு குலுக்கல் முறையில். தங்கை பிரிம்மின் பெயர் வந்ததும், “அவளுக்குப் பதில் நான் போகிறேன்” என்று முன்னால் வருகிறாள் அக்கா காட்னிஸ். நம் வீட்டில் சின்னவள் தன் பன்னிரண்டாவது பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டே, “இந்த வருஷத்திலிருந்து என் பேரும் குலுக்கலில் உண்டு” என்று அறிவித்தாள். விருந்தாளிகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

நீ பயப்படுகிற வெட்டுக்குத்துப் பக்கங்களையெல்லாம் அவள் விறுவிறுவென்று தாண்டிவிடுகிறாள். நின்று உட்கார்ந்து படித்தது ஒரு கணக்கை. பன்னிரண்டு வயதில் உன் பெயருக்கு ஒரு சீட்டு, பிறகு வருஷத்துக்கு ஒன்று கூடும். வீட்டில் பட்டினி என்றால், இன்னொரு சீட்டும் போடச் சம்மதித்து, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். காட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாக வருஷம் மூன்று சீட்டு கூடுதலாகப் போட்டவள். பதினாறு வயதில் அந்தப் பதினைந்தோடு சொந்தச் சீட்டு ஐந்தும் சேர்ந்து இருபது. அவளுடைய சிநேகிதன் கேலுக்கு 42. மேயர் மகளுக்கு ஐந்தோ என்னவோ. நம்மவள் இதையெல்லாம் நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “அப்பா, இது குலுக்கலே இல்லை. இல்லாத வீட்டுப் பிள்ளை பேரை நிறைய எழுதிப் போட்டுட்டு, யார் பேர் வந்தாலும் அது விதின்னு சொல்றாங்க.”

எனக்கு அப்போது அத்தான் ஞாபகம்தான் வந்தது. கேரள லாட்டரி 1967-இல் தொடங்கி, 1968 ஜனவரி 26-இல் முதல் குலுக்கல் நடந்ததையும், ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் முதல் பரிசு என்பதையும் அவளுக்கு விளக்கினேன். சாலைக் கடைத்தெருவில் கொத்தமல்லி வாங்கப் போகும் அத்தான் கொத்தமல்லியை மறந்துவிட்டு நாலு சீட்டோடு திரும்புவதையும், “சீட்டு கூடினா யோகம் கூடும்” என்ற அவருடைய தத்துவத்தையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “மாமா பேனமில் பிறந்திருந்தா முதல் வருஷமே போயிருப்பார்” என்றாள். அத்தானிடம் பக்குவமாகச் சொல்லு. ஜெயித்தவர்கள் கதையும் அங்கே நன்றாக இல்லையாம். முன்பு ஜெயித்த ஹேமிட்ச் நாள் முழுக்கக் குடித்துக்கிடக்கிறான். பம்பர் அடித்தவர் வாசலில் கடன் கேட்டு வந்து நிற்கும் சொந்தக்காரர்களைப் பற்றி நீ அவளுக்கு ஒருநாள் சொல்ல வேண்டும்.

“சாப்பாட்டுக்காக யாராவது அப்படிப் பேரைக் கொடுப்பாங்களா?” என்று கேட்டாள். நம் ஆச்சியின் கதையை எடுத்தேன். 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனது, திருவிதாங்கூருக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, விசாகம் திருநாள் மகாராஜா என்றோ பரப்பிவிட்டுப் போன மரச்சீனிதான் பாதி நாட்டின் வயிற்றைக் காப்பாற்றியது என்று எல்லாம் சொன்னேன். அவளுக்குப் பிடித்தது அதில் எதுவும் இல்லை. ஆச்சி ரேஷன் அரிசியைச் சொளகில் பரப்பிக் கல் பொறுக்குவாளே, அந்தக் கல்லை எறியாமல் சிரட்டையில் சேர்த்து வைத்து, சிரட்டை நிறைந்ததும் கடைக்காரன் தராசிலேயே கொண்டுபோய்க் கொட்டி, “இந்த எடைக்கு அரிசி குடு” என்று நிற்பாளே, அதுதான். மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மறுநாள் தமிழ்க் கடையில் உறைய வைத்த மரச்சீனி பாக்கெட் வாங்கி அவித்துக் காந்தாரிச் சம்மந்தியோடு கொடுத்தோம். “இதுக்குப் பேரெல்லாம் கொடுக்க மாட்டேன். மீன்குழம்பும் உண்டுன்னா ஒரு சீட்டு யோசிக்கலாம்” என்றாள்.

காலின்ஸ் இந்தக் கதைக்கு வித்தாகச் சொல்வது ஒரு கிரேக்கப் புராணத்தை. மினோட்டாருக்கு இரையாக ஏதென்ஸிலிருந்து ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் அனுப்பிய கதை. நம்மிடம் இல்லாததா என்று நான் பகாசுரனை அவிழ்த்துவிட்டேன். வண்டிச் சோறு, எருமைகள், ஓட்டிப்போகும் ஆளும் சேர்த்துச் சாப்பாடு, வீட்டுக்கு வீடு முறை. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், பிராமணர் வீட்டு முறை வந்ததும் குந்தி பீமனை அனுப்பிய இடத்தில் நிறுத்தினாள். “குந்தி தானே போகலையே? மகனைத்தானே அனுப்பினா? காட்னிஸ் தானே போனா.” பீமன் ஜெயிப்பான் என்று குந்திக்குத் தெரியும் என்றேன். “அப்போ அதிலே என்ன தியாகம்?” அக்கா, நீ முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாரதம் சொன்னவள். பதில் இருந்தால் உடனே எழுது. இன்னொன்றும் சொன்னாள்: “பகாசுரனுக்குப் பசியாவது இருந்தது. கேபிடல்காரங்க சாப்பிடக்கூட இல்லையே, சும்மா பார்க்கத்தானே செய்யறாங்க.”

காதல் விஷயம் பற்றிக் கவலை வேண்டாம். ரொட்டிக்கடைப் பையன் பீட்டாவா, கேலா என்று இவள் வகுப்பே இரண்டு கட்சியாம். இவள் பிரிம்மின் ஆட்டுக் கட்சி. ஆடு பாலாவது தருகிறது, அதிகம் பேசுவதில்லை.

அந்தக் கதையில் மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்து உயர்த்திக் காட்டுவது ஒரு மரியாதை, ஒரு விடைபெறுதல். 2014-இல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சி வந்தபோது அங்குள்ளவர்கள் அதைத் தெருவில் செய்துகாட்டி, சிலர் கைதானார்கள். எங்கள் வீட்டில் உப்புமாத் தட்டு வரும்போதெல்லாம் செய்யப்படுகிறது. இதுவரை கைது இல்லை. உப்புமாவும் நிற்கவில்லை.

விவகாரம் முற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேனல் மாற்றி மாற்றிப் பார்த்த ஒரு இரவில், ஒன்றில் இளசுகள் போட்டி போடும் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் ஈராக் போர், இரண்டும் குழம்பித்தான் இந்தக் கதை பிறந்தது என்று காலின்ஸ் சொன்னதை எங்கோ படித்திருக்கிறாள். நான் பிக் பாஸில் எலிமினேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவிக்கு முன்னால் வந்து நின்று, “நீங்க கேபிடல்” என்றாள். இங்கே யாரும் சாகவில்லையே என்றேன். “யார் வெளியே போகணும்னு கணக்குப் போட்டு ஓட்டுப் போட்டீங்களா இல்லையா?” போட்டிருந்தேன். அவளுடைய அம்மா சத்தமில்லாமல் ரிமோட்டை மெத்தைக்கு அடியில் செருகினாள். “அத்தையும் கேபிடல்தான்” என்று தீர்ப்பு வந்தது. நான் உனக்காக வாதாடவில்லை. மலையாள பிக் பாஸில் லாலேட்டன் வரும் நேரத்தில் நீ போனை எடுப்பதில்லை என்பது கண்டம் கடந்து தெரிந்த விஷயம்.

அவளுக்கு அந்தத் தொடரில் ஒரே ஒரு மனத்தாங்கல். யாரைக் காப்பாற்றக் காட்னிஸ் முதல் புத்தகத்தில் கிளம்பினாளோ, அந்தப் பிரிம்மையே மூன்றாவதில் கொன்றுவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பனியில் தானே நடந்தாள், ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக் கூடாதாம்.

அதனால் உனக்கு உத்தரவு இதுதான். பாளையத்தில் போய் முதல் இரண்டு புத்தகங்களை எடுத்துப் படிக்க வேண்டுமாம். மூன்றாவதை எடுக்கவே கூடாது, அதை அவளே போனில் சொல்லுவாளாம். அவள் சொல்கிற கதையில் பிரிம் சாக மாட்டாள், நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கூப்பிடுவது நம்மூர் நேரம் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு. லாலேட்டன் நேரம் அது என்று சொல்லிப் பார்த்தேன். தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

அன்புடன்
உன் தம்பி