வவுச்சர் மாமா

கல்யாணத்துக்கு வருகிறவர்களைக் கையைப் பார்த்தே வகை பிரித்துவிடலாம். ஜிகினாத் தாள் சுற்றிய தட்டையான பெட்டி என்றால் சுவர்க் கடிகாரம். உயரமாக இருந்தால் ஹாட்பாக்ஸ் செட். சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர் மொய்க் கவர் வைத்திருக்கிறார். உள்ளே 501 போதுமா, 1001 வைக்கணுமா என்கிற விவாதம் மேடைப் படி வரைக்கும் மனைவியோடு நடக்கும். இந்த எந்த வகையிலும் சேராமல் கையை வீசிக்கொண்டு வந்து, முதல் பந்தியில் சாப்பிட்டு, பீடா மென்றபடி மேடையேறி, மாப்பிள்ளை கைக்குள் ஏடிஎம் கார்டு அளவில் எதையோ திணித்துவிட்டு, போட்டோகிராபர் பக்கம் திரும்பிச் சிரிக்கிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் வவுச்சர் மாமா.

சொந்தத்தில் ஒருவராவது இப்படி இருப்பார். எங்கள் மாமா மதுரைக்காரர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். “அவங்களுக்குப் பிடிச்சதை அவங்களே வாங்கிக்கட்டும்ப்பா” என்பது அவருடைய கொள்கை. கொள்கைக்கு ஆதாரமும் வைத்திருக்கிறார். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸ் பரிசு வாங்கியவர்களிடம், “இந்தப் பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறும்?” என்று விசாரித்து, பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மாமா இதைப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே விளக்குவார். அதே கணக்குப்படி ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் ஒரு பைசாகூட வீணாகாதே என்று கேட்டால், அப்பளம் கேட்டு எழுந்துவிடுவார்.

உண்மைக் காரணம் வேறு. கிரெடிட் கார்டில் சேரும் பாயிண்டுகளை மாமா வவுச்சராக மாற்றிக்கொள்வார். பாயிண்ட் காலாவதியாகும் தேதியும் சொந்தக்காரர் வீட்டு முகூர்த்தத் தேதியும் ஒத்துவருவதைத்தான் அவர் நல்ல நாள் என்கிறார்.

கார்டை மாப்பிள்ளையிடம் கொடுத்தால் மட்டும் போதாது; மொய்க் கணக்கிலும் ஏறியாக வேண்டும். மேடையிலிருந்து இறங்கி நேரே மொய் மேஜைக்குப் போவார். எங்கள் பக்கம் மொய் எழுதுவது கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. ஊர், பெயர், தொகை சொன்னால் தட்டிவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுப்பார்கள்.

“எவ்வளவு சார்?”

“ரெண்டாயிரம்.”

பையன் கையை நீட்டினான்.

“மாப்பிள்ளைகிட்ட குடுத்தாச்சுப்பா. வவுச்சர்.”

திரையில் பணத்துக்கு ஒரு கட்டம், நகைக்கு ஒரு கட்டம், பாத்திரம் பண்டத்துக்கு ஒரு கட்டம் இருந்தன. பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, குத்துவிளக்குக்கும் குக்கருக்கும் கீழே ‘துணிக்கடை அட்டை - 1’ என்று ஏற்றினான். மாமா விடவில்லை. “தொகையைப் போடுப்பா. நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்குத் திரும்பணும்ல?” பின்னால் கவரோடு நின்ற வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது.

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு புதுத் தம்பதி கடைக்குப் போன கதையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்புறத்துச் சாம்பல் பட்டையை மாப்பிள்ளை காசால் சுரண்டியதில் ரகசிய எண்ணில் ஓர் இலக்கமும் சேர்ந்து போனது. அது 3-ஆ 8-ஆ என்று இருவரும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். தள்ளுபடித் துணிக்கு அட்டை செல்லாது என்றார்கள். நடந்துகொண்டிருந்ததோ ஆடித் தள்ளுபடி. தள்ளுபடி இல்லாத மூன்றாவது மாடியில் ஒரு சேலை பிடித்தது. விலை 1,940 ரூபாய். மீதி அறுபதைத் திருப்பித் தர மாட்டார்கள். அறுபது ரூபாயை விட்டுவிட மனசு வராமல் கர்ச்சீப் தேடிக் கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். கர்ச்சீப் கட்டு 120. சரி, அதையும் போடுங்கள் என்று கவுண்டருக்கு வந்தால், “பில் போடறதுக்கு முன்னாடியே வவுச்சர்னு சொல்லணும் மேடம்” என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் வந்து ஒரு பொத்தானை அழுத்தி, “உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும்” என்றார்.

வரவில்லை. வவுச்சர் எடுத்தது மாமாவின் எண்ணில். மாமா மதியத் தூக்கத்தில் இருந்தார்.

“மாமா, நாந்தான் உங்க மருமகன் பேசுறேன். ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“ஓடிபியா? யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கஸ்டமருக்கெல்லாம் நான் கிளாஸ் எடுத்தவன்டா!”

“உங்க மருமகன் மாமா!”

“எல்லாப் பயலும் அப்படித்தான் ஆரம்பிப்பான்.”

மாமாவுடைய அப்பா பெயர், பூர்வீகக் கிராமம், அத்தை பிறந்த ஊர் எல்லாவற்றையும் சொல்லி மாப்பிள்ளை தன்னை நிரூபித்து முடிப்பதற்குள் அந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது. இரண்டாவது ஓடிபியை மாமா கண்ணாடி இல்லாமல் வாசித்தார்.

இவ்வளவும் முடிந்து வீட்டுக்கு வந்தால் சாயந்திரமே போன் வரும். “என்ன வாங்கினீங்க?” ஆயிரம் ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்த பெரியப்பா, அதை என்ன செய்தாய் என்று எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. மாமா கேட்பார். வாங்காதவர்களிடம் மாதம் தவறாமல் கேட்பார். வவுச்சரின் பெரிய அபாயமாக நான் நினைப்பது, கூடவே ஓர் ஆடிட்டரையும் இலவசமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறதே, அதைத்தான்.

காலாவதிப் பேச்சு வந்தால் மாமா விதிகளைச் சொல்லி அடித்துவிடுவார். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி வங்கிகள் தரும் கிஃப்ட் கார்டு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ரொக்கமாக எடுக்க முடியாது, குறைந்தது ஒரு வருஷம் செல்லும். எல்லாம் சரி. ஆனால் கடைக்காரர் தன் கடைக்கு மட்டும் செல்லும்படி தானே அடித்துத் தருகிற வவுச்சர் அந்த வரம்புக்குள் வராது. மாமா தருவது பெரும்பாலும் அந்த ரகம். கடையே மூடிவிட்டால்? 2013 ஜனவரியில் பிரிட்டனில் எச்எம்வி இசைக்கடை நிறுவனம் நொடித்தபோது, கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த வவுச்சரோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கூச்சல் எழுந்த பிறகு ஒரு வாரத்தில் செல்லும் என்றார்கள். நம்மூர்க் கடை மூடினால் யாரிடம் போய்க் கூச்சல் போடுவது?

2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், வவுச்சர் கைமாறுவது பொருள் வழங்கலும் ஆகாது, சேவை வழங்கலும் ஆகாது என்று முடிவுக்கு வந்தது. அத்தை இதை வெகுநாளாகச் சொல்லிவருகிறார்.

இருந்தாலும் மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. மேடையில் விழுகிற கவரெல்லாம் எங்கே போகிறது? அன்று ராத்திரியே மண்டப வாடகைக்கும் பந்தல்காரருக்கும் போகிறது. மணப்பெண் கைக்கு ஒரு ரூபாய் வராது. மாமாவின் அட்டையைப் பந்தல்காரர் தொட மாட்டார். அது துணிக்கடைக்குத்தான் போக முடியும். போனால் சேலையாகத்தான் திரும்ப முடியும். பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் கையில் விழும் பணமும் இப்படித்தான். “குடு, அம்மா பத்திரமா வெச்சிருக்கேன்” என்று வாங்கப்படும் நூறு ரூபாய்கள் அஞ்சறைப்பெட்டியில் போட்ட கடுகோடு கடுகாகக் கலந்துவிடும். போன வருஷம் மாமா என் அண்ணன் மகளுக்கு 500 ரூபாய்க்குப் புத்தகக்கடை வவுச்சர் கொடுத்தார். அண்ணி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். காய்கறிக்காரர் வாங்க மாட்டார், பால்காரர் வாங்க மாட்டார். கடைசியில் பிள்ளையிடமே திரும்பியது. சம்பாதிக்கிற ஆம்பிளைக்கு வவுச்சர் கொடுப்பது வேலை கொடுப்பதுதான்; தன் பேரில் வந்த பணம் தன் கைக்கு வராத ஆட்களுக்கு அதைவிட நல்ல பரிசு தெரியவில்லை.

இந்தத் தை மாதம் மாமா மகளுக்குக் கல்யாணம். செய்முறையில் எங்கள் ஆட்கள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கம்ப்யூட்டர் ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மாமா எதைச் செய்தாரோ அதையே திரும்பச் செய்துவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மாமா மணமகள் அறையில் துணிக்கடை, செருப்புக்கடை, பேக்கரி, மூக்குக்கண்ணாடிக் கடை என்று அட்டைகளைக் காலாவதித் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். சமையல் மாஸ்டர் மீதி நாற்பதாயிரத்துக்கு வாசலில் நின்றார்.

“மாஸ்டர், முப்பது ரொக்கமா வாங்கிக்கங்க. பத்துக்கு இதுல எந்தக் கடை வேணுமோ எடுத்துக்கங்களேன். உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே வாங்கிக்கலாம்.”

மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அட்டையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“இதுக்கு ஓடிபி யாருக்கு சார் வரும்?”