வலித்தவர் எழுதுவார்

கேள்வி: கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் அட்டார்வாஸ்டாட்டின் எழுதிக்கொடுத்தார். 'கால் வலியில் உயிர் போகிறது' என்று சாப்பிட்டவர்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மாத்திரையைத் தொடவே பயம். நம்பலாமா?

பதில்: வலியை நம்புங்கள், மாத்திரைதான் காரணம் என்ற தீர்ப்பை உடனே நம்பாதீர்கள். ஒத்துக்கொண்டவர் பேரனோடு விளையாடப் போய்விடுவார், ஒத்துக்கொள்ளாதவர்தான் உட்கார்ந்து எழுதுவார். பக்கவிளைவு என்று இவ்வகை மாத்திரையை நிறுத்திய 60 பேருக்கு லண்டனில் சில மாதம் அசல், சில மாதம் மருந்தில்லாத போலி, சில மாதம் காலி டப்பா கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு: அசல் தந்த தொந்தரவில் 90 சதவீதத்தைப் போலியும் தந்தது! நிஜமான தசைவலி சிலருக்கு உண்டுதான். கடுமையாக வலித்து, சிறுநீரும் கறுத்தால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். பிறர் எழுதியதைப் படித்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.