முதல் ரவுண்டில் யாரை எடுப்பது?

ஆகஸ்ட் மாதத்தில் ஹட்டன் டவுனில் ஏதாவது ஒரு சலூனில் முடிவெட்ட உட்கார்ந்து பாருங்கள். இங்கிலாந்தில் பிரிமியர் லீக் தொடங்கும் மாதம். கொழும்பில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நிற்கிற எளந்தாரிகள் லீவில் வந்திருப்பார்கள். 8 பேர், 8 ஃபோன். ஃபேன்டசி ட்ராஃப்ட் நடக்கிறது. முறை வைத்து ஒவ்வொரு ஆட்டக்காரராக எடுக்க வேண்டும். ஒருவன் எடுத்தவரை இன்னொருவன் தொடக் கூடாது. முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவன் இரண்டாம் சுற்றில் முதலாவதாக எடுப்பான். இப்படி 15 சுற்று: 2 கோலி, 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்ட்.

“மொதல்ல ஃபார்வர்ட எடுடா. ஹாலண்ட் போயிட்டா அப்புறம் யாரு இருக்கா?”

“போடா மடையா. மிட்ஃபீல்டர் கோல் அடிச்சா 5 புள்ளி, ஃபார்வர்டுக்கு 4தான். கணக்குப் பாத்து எடு.”

“கோலிய கடைசில எடுத்தா போதும் மச்சான். எந்தக் கோலிய எடுத்தாலும் பெருசா ஒண்ணும் வித்தியாசம் வராது.”

சலூன்காரர் பாதிக் கிருதாவோடு என்னை விட்டுவிட்டு இந்த வழக்கைத் தீர்க்கப் போய்விட்டார். அவர் டிஃபெண்டர் கட்சி.

இந்தப் பையன்களின் அறிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாருக்கு எந்தக் காலில் காயம், எந்த கோச் யாரை 70ஆவது நிமிடத்தில் வெளியே இழுப்பார், டிசம்பரில் எந்த அணிக்கு யாரோடு ஆட்டம், எல்லாம் தலைகீழ்ப் பாடம். மான்செஸ்டரில் ஒருவனுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டால் பொகவந்தலாவையில் ஒரு வீட்டில் ராச்சோறு இறங்காது. அதே வீட்டில் அம்மாவுக்கு முட்டி வீங்கி வருஷக்கணக்காகிறது. அது இன்னும் காயப் பட்டியலில் ஏறவில்லை.

2025 சீசனில் இந்த ஆட்டத்துக்கு ஒரு புது விதி வந்தது. ஒரு டிஃபெண்டர் ஓர் ஆட்டத்தில் பந்தை அடித்து விரட்டியது, மறித்தது, குறுக்கே புகுந்து பிடுங்கியது எல்லாவற்றையும் கூட்டி 10 வந்தால் அவருக்கு 2 புள்ளி. 9 வந்தால் சுழியம். சலூன் கொதித்துப் போனது.

“என்னடா அநியாயம் இது? 9 தடவ மறிச்சவன் மாங்கா பறிச்சிக்கிட்டா இருந்தான்? ஒண்ணு கொறஞ்சா மொத்தமும் போச்சா?”

கைதட்டலாம் போல இருந்தது. நூறு வருஷத் தொழிற்சங்க மேடைகளில் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு குறை. கேட்டவனுடைய அம்மா அந்த நேரத்தில் மலையில் நிற்கிறாள். அவளுக்கும் இதே விதிதான். இங்கிலாந்துக்காரன் 2025இல் கண்டுபிடித்ததை அவனுடைய பாட்டன்மார் நம் தோட்டங்களில் எப்போதோ நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து. சில தோட்டங்களில் 20, அதற்கு மேலும். எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். 17 எடுத்தால் அரைப்பேர். அந்த 17உம் சும்மா வந்த 17 அல்ல. தராசுக் கொக்கியில் சாக்கு ஏறியதும் சாக்குக்கு ஒரு கழிவு, மழைத் தண்ணீருக்கு ஒரு கழிவு, முற்றல் இலை என்று கிளறிப் பார்த்து இன்னொரு கழிவு. கழித்ததெல்லாம் போக மீந்ததைக் கணக்கப்பிள்ளை வாசிப்பார். செடி நடுவது கிடையாது, புல் வெட்டுவது கிடையாது, பாதி மலை காடாகிக் கிடக்கிறது. அதில் குளவிக்கூடு எந்தச் செடிக்குள் என்று தெரியாமல் கையை விட்டுப் பறித்த இலை அது. அந்தக் கணக்கைப் பார்த்து, மாங்கா பறித்துக்கொண்டா இருந்தாள் என்று கேட்க சலூனில் ஆள் இல்லை. ஹாலண்டுக்குத்தான் ஆள் இருக்கிறது.

ட்ராஃப்ட் நமக்கு ஒன்றும் புதிதல்ல. விடிவதற்குள், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் தினமும் நடப்பது அதுதான். நீ கொழுந்துக்கு, நீ கவ்வாத்துக்கு, நீ உரம் போட, நீ கான் வெட்ட. எந்தப் பொசிஷனுக்கு யார் முக்கியம் என்ற கேள்விக்கும் பதில் எப்போதோ எழுதியாகிவிட்டது: கொழுந்து எடுப்பவள் பெண், அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் கங்காணி ஆண். தொழிற்சங்கத்திலும் அதே வரிசைதான். சந்தா அவளுடைய செக்ரோல் சம்பளத்திலேயே கழிந்துவிடும், மேடையில் நாற்காலி வேட்டிக்கு. மகளிர் தினத்தன்று மட்டும் அவளை முதல் ரவுண்டில் எடுத்து மாலை போட்டு, அடுத்த நாள் மறுபடி மலைக்கு அனுப்புவார்கள்.

பெரிய ட்ராஃப்ட் ஒன்று நடந்தது. அதில் சலூன் இல்லை, டெல்லி இருந்தது. அதற்கு முன்கதையும் உண்டு. 1947 தேர்தலில் நம் தோட்டச் சனத்தின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இல் அந்தச் சனத்தை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. 7 கோல் அடித்த அணியை அடுத்த சீசனில் லீக்கை விட்டே நீக்கினார்கள். 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டால் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மிச்சப் பேர் எந்த நாட்டு ஜெர்சியும் இல்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தேயிலை மட்டும் இலங்கையின் பெயரில் உலகம் சுற்றியது.

அப்புறம் 1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஒரு பக்கம், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மறுபக்கம். மேசையில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். சலூன் ட்ராஃப்டில் நல்ல ஆளை அடுத்தவன் தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று அடித்துக்கொள்வார்கள். அங்கே சண்டை நேர்மாறு: உனக்கு நீ அதிகம் எடுத்துக்கொள், எனக்கு நான் குறைவாக எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம். அங்கே 7 பேர் போனால் இங்கே 4 பேருக்குக் குடியுரிமை என்று விகிதமும் போட்டார்கள். மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 10 வருஷம் கிட்ட. 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்தப் பெஞ்சைச் சரிபாதியாக அறுத்தார்கள்: உனக்கு 75 ஆயிரம், எனக்கு 75 ஆயிரம். தலை எண்ணிப் பங்கு போட்டதில் எந்தத் தலையையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் இந்தியா பாஸ்போர்ட், தம்பி சிலோன் சிட்டிசன் என்று ஒரே லயத்தில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் இரண்டு நாடு. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரிக்குக் கொண்டுபோய், அவர்களுக்கென்றே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து பறிக்க விட்டார்கள். அணி மாறியது, பொசிஷன் மாறவில்லை. இங்கே தங்கியவர்களில் நாடற்றவர் என்று எஞ்சியிருந்தவர்களுக்குக் கடைசிச் சட்டம் வந்தது 2003இல். 1948இலிருந்து 55 வருஷம். இவ்வளவு நீளமான டிரான்ஸ்ஃபர் விண்டோ எந்த லீக்கிலும் இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, ஏலத்தில் நல்ல விலை போனவரும் நம்மில் உண்டு. 2008இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டின் முதல் ஏலத்தில் முத்தையா முரளிதரனைச் சென்னை 6 லட்சம் டாலருக்கு எடுத்தது. அதற்குப் பிறகு இலங்கைக்கே ஒரு லீக் வந்து, 2020இல் ட்ராஃப்டும் வைத்தார்கள். கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று 5 அணி. நுவரெலியா என்று ஒன்று இல்லை. ஏன் இல்லை என்று எனக்கு வருத்தமும் இல்லை. ஏலம் போடுகிற இடத்தில் நம் பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்த விஷயம்.

தலைவர்களுக்கு வருகிறேன். எந்தப் பொசிஷனை முதலில் பிடிப்பது என்பதில் சலூன் பையன்களுக்குக் குழப்பம் உண்டு, அவர்களுக்குக் கிடையாது. அமைச்சர் பொசிஷன். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் ஜனாதிபதி ஜே.ஆர். அமைச்சரவைக்குள் போனார். அவர் போனதற்கு ஒரு ரசீதாவது இருந்தது: 1988 குடியுரிமைச் சட்டம். பின்னால் வந்தவர்கள் நாற்காலியை மட்டும் வாரிசாக எடுத்துக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டார்கள். சந்திரிகா வந்தால் சந்திரிகா, மகிந்த வந்தால் மகிந்த, கோட்டாபய வந்தால் கோட்டாபய, ரணில் வந்தால் ரணில். கால்பந்தில் இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறும். நம் ஆட்கள் ஆளுங்கட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இ.தொ.கா.வுக்கு மாற்று என்று 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி உருவானது. அந்த வருஷமே அவர்களுக்கும் அமைச்சு. 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கட்டி முடித்த வீட்டை விடத் திறந்து வைத்த பெயர்ப் பலகைக்கு வெளிச்சம் அதிகம் என்றுதான் சொல்கிறேன்.

2024 மே தினம். கொட்டகலையில் இ.தொ.கா. மேடை. அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். கோல்! தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், வர்த்தமானியும் வந்தது. தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வி.ஏ.ஆர். பார்த்ததில் கோல் செல்லாது. மேடையிலிருந்த யாரும் அடிக்கும்போது ஆஃப்சைடா என்று பார்க்கவில்லையா? பார்த்திருப்பார்கள். செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்குக் கோல் வேண்டியதில்லை, கூச்சல் போதும். அந்த செப்டம்பரிலேயே அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தது. பழைய 1,000 ரூபாவுக்கும் இதே கதைதான்: 2020 மார்ச்சில் என்றார்கள், 2021 மார்ச்சில் வந்தது, அதற்குள் அரிசி விலை மூன்று சுற்று முன்னால் போய்விட்டது.

சனம் அணியை மாற்றிப் பார்த்தது. 2024 நவம்பரில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனத்தில் 5ஐத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. ஒரு வருஷம் கழித்து அந்தக் கட்சியின் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் வரவுசெலவுத் திட்டத்தில் பதில் வந்தது: கம்பெனி 200 ரூபா கூட்டி 1,550 ஆக்கும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசு 200 ரூபா ஊக்குவிப்பு கொடுக்கும், மொத்தம் 1,750. ஃபேன்டசியில் ஒரு விதி உண்டு, ஒரு நிமிடமாவது களத்தில் இறங்கிய ஆட்டக்காரருக்கு ஒரு புள்ளி. அதை மலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அரசின் பங்கு திறைசேரிப் பணம். கொழுந்தை விற்கிறவன் கம்பெனி, ஆள் வந்ததற்குக் காசு கொடுக்கிறவன் நாட்டில் பருப்பு வாங்கி வரி கட்டுகிற ஒவ்வொருவனும். மலையில் நிற்கிறவளும் அதில் அடக்கம். தன் ஊக்குவிப்பில் ஒரு பங்கைத் தானே கட்டிக்கொள்ளும் ஆட்டக்காரி உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

எனவே ஒரு யோசனை. சம்பளப் பேச்சுக்குத் தலைவர்கள் வேண்டாம், அவர்களுக்குக் கார் ஏற்பாடு செய்வது செலவு. அந்தச் சலூன் பையன்கள் 8 பேரையும் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்கு அனுப்புவோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 22 பிராந்தியக் கம்பெனியின் ஆண்டறிக்கையை ஒரு ராத்திரியில் குடைந்து விடுவார்கள். எந்தக் கம்பெனி எத்தனை ஹெக்டேர் மறுநடுகை செய்தது, பங்குதாரருக்கு எவ்வளவு கொடுத்தது, நட்டம் நட்டம் என்று அழுத வருஷத்தில் நிர்வாகக் கட்டணம் எவ்வளவு எடுத்தது என்று வரிசையாக அடுக்குவார்கள். ஒரு டிஃபெண்டரின் ஒன்பதாவது தடுப்புக்கு இத்தனை ரோஷப்பட்டவன் பதினேழாவது கிலோவை விடுவானா?

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அரைப்பேர் போட்ட அந்த 17 கிலோவும் ஸ்டோருக்குத்தானே போகிறது? வாடி, அரைபட்டு, சலித்து, லொட் நம்பர் வாங்கி, 1883இல் இருந்து நடக்கிற அதே கொழும்பு ஏலத்துக்குத்தானே போகிறது? அங்கே அது அரை விலைக்கா விற்கிறது?

கேட்கட்டும். கம்பெனிக்காரர்கள் அன்றைக்கு வர மாட்டார்கள். 2024இல் சம்பள நிர்ணய சபைக் கூட்டங்களுக்கு வராமல் இருந்து பார்த்தார்கள், அதற்கு அவர்களுக்கு யாரும் அரைப்பேர் போடவில்லை.