காகத்தின் பல்லும் தேநீர்ப் பையின் முடிச்சும்

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில், காலை ஏழரை மணிக்கு, சாலையோரக் கடை ஒன்றில் பொட்டலமாக வாங்கிய தே தாரிக்கின் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்த ராபியா கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முயன்று, நகம் வலித்து, விரல் சுட்டு, சட்டையின் முன்புறத்தில் இலங்கைத் தீவின் வடிவத்தில் ஒரு கறையையும் பெற்றுக்கொண்ட பிறகே, 'அற்பம்' என்பது யாது என்னும் விசாரணையில் இறங்கும் யோக்கியதை இக்கட்டுரையாசிரியனுக்கு உண்டாயிற்று என்பதை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சாஸ்திரம் எழுதப் புகுவோர் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் ஆரம்பத்திலேயே கூறிவிட வேண்டுமென்பது பெரியோர் மரபு. விஷயம் அற்பம், அதிகாரி நான், மற்ற இரண்டும் போகப் போகத் தெரியலாம்.

நான் முடிச்சோடு போராடுவதைப் பக்கத்து மேசையிலிருந்து வெகு நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்த கணிதம் படிக்கும் பிள்ளை ஒருவர், "ஐயா, கயித்துல நுனி ரெண்டும் சும்மாதானே தொங்குது? கணக்குப்படி இது முடிச்சே இல்லீங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கணித சாஸ்திரத்தில் முடிச்சென்றால் இரு நுனிகளும் ஒட்டப்பட்டு வளையமாகிவிட்ட கயிறுதான். நுனி திறந்திருக்கும் எதையும் கோட்பாட்டளவில் உருவி எடுத்துவிடலாம் ஆகையால், அதை அந்தச் சாஸ்திரம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வளையமாகியும் உள்ளே சிக்கேதும் இல்லாதிருந்தால் அதற்கு 'அற்ப முடிச்சு' என்று பெயர். ஆக, கணித உலகில் என் தேநீர்ப் பை அற்பம் என்ற பதவிக்குக்கூட அருகதையற்றது.

ஆனால் இங்கேதான் ஒரு வேடிக்கை. கன்னாபின்னாவென்று சுற்றிக் கிடக்கும் ஒரு வளையத்தைக் காட்டி, இது அற்ப முடிச்சா அல்லவா என்று கேட்டால், அதைத் தவறாமல் தீர்மானிப்பதற்கு ஒரு முறை உண்டு என்று நிரூபிக்க வுல்ஃப்காங் ஹாக்கன் என்னும் ஜெர்மானியர் 1961இல் 130 பக்கங்களுக்கும் மேற்பட்ட ஆய்வுரை ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. அற்பம் அற்பந்தான், அது அற்பம் என்று அறிவதோ அற்பமன்று. இதை நான் அந்தப் பிள்ளையிடம் எடுத்துரைத்தபோது அவர் ரொட்டி சானாயைக் கிழித்துக்கொண்டே "அது வேற விஷயங்க" என்றார்.

மேல்நாட்டார் வழங்கும் 'ட்ரிவியல்' என்ற சொல்லின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால், அது லத்தீனில் மூன்று வழிகள் கூடுமிடத்தைக் குறித்த சொல்லின் சந்ததி என்பது புலனாகும். அதாவது முச்சந்தி. இலக்கணம், தர்க்கம், சொல்லணி ஆகிய மூன்று தொடக்கக் கல்விகளையும் ஐரோப்பிய மத்தியகால வித்தியாசாலைகள் இப்பெயராலேயே அழைத்தன. முச்சந்தியில் கிடப்பதால் எவனுக்கும் தெரியும், எவனுக்கும் தெரிவதால் மதிப்பில்லை என்பது அவர்கள் கணக்கு. நம்மவர் கணக்கு வேறு. நமக்கு முச்சந்தியென்றால் பிள்ளையார் உண்டு, திருஷ்டி கழித்த பூசணிக்காய் உண்டு, மானம் போகும் அபாயமும் உண்டு. சந்தி சிரித்த சங்கதியை அற்பம் என்று சொல்லத் துணிந்த தமிழனை நான் இதுகாறும் கண்டதில்லை.

ஆனாலும் நம்மிடமும் இதற்கு ஒப்பானதொரு பிரயோகம் உண்டு. பழைய நூல்களின் உரையாசிரியர்கள் சில இடங்களில் 'பொருள் வெளிப்படை' என்று ஒரே மூச்சில் கடந்துவிடுவர். மாணாக்கன் இருட்டில் முட்டிக்கொள்வது பெரும்பாலும் அவ்விடத்தில்தான். சென்னைத் துறைமுகத்தில் 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கராய் அமர்ந்த சீனிவாச ராமாநுஜனும் இந்த மரபினரே எனலாம். காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் இறக்கிவைத்தார், நிரூபணம் கிடையாது. அவருக்கு வெளிப்படையாயிருந்தவற்றையெல்லாம் பிறருக்கும் வெளிப்படையாக்க, புரூஸ் பெர்ன்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1985 தொடங்கி 1998 வரை ஐந்து பெருந்தொகுதிகள் வெளியிட்டார். நோயுற்றுக் கிடந்த ராமாநுஜனைப் பார்க்க வந்த ஆங்கிலக் கணிதர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் எண் 1729ஐச் சுவாரஸ்யமற்றது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை வாசகர் அனைவரும் அறிந்ததாகையால் அதை விடுகிறேன். இரண்டு கனங்களின் கூட்டாக இருவகையில் வரும் அவ்வெண்ணின் விசேஷத்தைப் பிரான்ஸ் தேசத்து ஃப்ரெனிக்கிள் 1657லேயே கண்டுவிட்டார் என்பதைமட்டும் சொல்லிவைக்கிறேன். ஏற்கெனவே சித்தமானதை மறுபடி சாதிப்பதை நியாய சாஸ்திரிகள் 'சித்தசாதனம்' என்னும் குற்றமாக எண்ணுவர். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கொண்டு ஒருவர் செய்தால் அதைக் குற்றமென்று கூற எனக்கு மனம் வரவில்லை.

இனிக் காகத்துக்கு வருவோம். பயனற்ற ஆராய்ச்சிக்கு வடமொழியில் 'காகதந்த பரீட்சை' என்று பெயர். காகத்தின் பல்லைச் சோதித்தல். எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த தார்க்கிகரான தர்மோத்தரர், நூலுக்குப் பிரயோஜனம் சொல்லாவிட்டால் அதைக் காகப்பல் ஆராய்ச்சியைப் போல் அறிவாளிகள் ஒதுக்கிவிடுவர் என்று எச்சரிக்கிறார். காகத்துக்குப் பல் இல்லை. இருந்தாலும் எண்ணி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த உதாரணம் அசைக்க முடியாததாய் நின்றது.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஆத்னியல் சார்லஸ் மார்ஷ் என்னும் பேராசிரியர், கான்சாஸ் மாகாணத்துப் பாறைகளிலிருந்து பல்லுள்ள பறவைகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, 1880இல் அவற்றைப் பற்றி மட்டுமே ஒரு பெருநூல் எழுதி அரசாங்கச் செலவில் அச்சிட்டார். டார்வின் அவருக்குக் கடிதம் எழுதி, தம்முடைய கொள்கைக்கு அண்மை இருபது ஆண்டுகளில் கிடைத்த மிகச் சிறந்த ஆதாரம் இதுவே என்று மெச்சினார். பல்லில்லாத பறவை, பல்லுள்ள மூதாதையரின் வழிவந்தது என்றால், பல்லின் இன்மையே ஒரு வம்ச வரலாறாகிவிடுகிறதல்லவா? பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1892இல், அலபாமாவைச் சேர்ந்த ஹிலரி ஹெர்பர்ட் என்னும் உறுப்பினர் அமெரிக்கக் காங்கிரஸில் அதே நூலைக் காட்டி, பறவைக்குப் பல்லாம், அதற்கு மக்கள் பணமாம் என்று ஏளனம் செய்தார். மார்ஷ் சார்ந்திருந்த அரசாங்க நிலவியல் துறையின் மானியம் வெட்டுண்டது. அவர் அத்துறையிலிருந்து விலக நேர்ந்தது. தர்மோத்தரரை ஹெர்பர்ட் படித்திருக்க நியாயமில்லை. இருவரும் ஒரே உதாரணத்தில் வந்து முட்டிக்கொண்டதை எண்ணுந்தோறும், ஆராய்ச்சியின் பயனை அறுதியிடும் மனிதர் எக்காலத்தும் பறவையின் வாயைத்தான் முதலில் நோக்குவர் போலும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலாயாக் காகத்தின் பூர்வோத்தரமும் சுவையானது. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்கென்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்கு இறக்குமதியானது அது. புழு ஒழிந்ததோ இல்லையோ, காப்பித் தோட்டம் ஒழிந்து ரப்பர் வந்தது. வந்த உத்தியோகம் போன பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பம் பெருக்கிய குடியேறிகளில் காகமும் ஒன்று.

ரப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரசாயன நூலார், முறைப்படி அமைந்த பெயரல்லாத வழக்குப் பெயர்களை 'அற்பப் பெயர்' என்றே வகைப்படுத்துவர். தோட்டத்து ஸ்டோரில் மங்குகளிலிருந்து சேர்த்துக் கொண்டுவந்த பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் அத்தகையது. அதன் முறைப்பெயர் மெத்தனாயிக் அமிலம். ஃபார்மிக் என்பது எறும்பைக் குறிக்கும் லத்தீனிலிருந்து வந்தது. தோட்டத்தில் நம்மவர் இரண்டையும் தள்ளி 'ஆசிட்' என்றனர். பாலும் மறுப்பின்றி உறைந்தது. தாவர நூலில் இதைவிட விசித்திரம்: லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கு நீண்ட வாக்கியம்போன்ற பெயர்களைச் சாஸ்திரோக்தமாகக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் ஞாபகத்துக்காக ஒற்றைச் சொல்லொன்றை 'அற்பப் பெயர்' என்றே குறித்துவைத்தார். நீளப் பெயர்கள் மறைந்தன. ஓரத்துச் சொல் சிம்மாசனம் ஏறிற்று. ரப்பர் மரத்துக்கு வழங்கும் ஹீவியா பிரசிலியென்சிஸ் என்பதில் பிரசிலியென்சிஸ் அந்த வகைச் சொல்தான்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், 1924இல் திறந்த பாலத்தைக் கடந்து சென்றால் சிங்கப்பூர். அங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1958 வரை வரலாற்றுப் பேராசிரியராயிருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1957இல் வெளியான நூலில், அற்பத்தின் விதி ஒன்றை வகுத்தார். நிதிக்குழு ஒன்று ஒரு கோடி பவுண்டு மதிப்புள்ள அணு உலையை இரண்டரை நிமிஷத்தில் அங்கீகரித்து, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணியும், கூட்டத்துக் காப்பிச் செலவுக்கு ஒன்றேகால் மணியும் செலவிடுவதாக அவர் சித்திரித்தார். அணு உலை ஒருவருக்கும் புரியாது, பிறருக்குப் புரியுமென்று ஒவ்வொருவரும் நம்புவர். காப்பி எல்லாருக்கும் தெரியும்.

அவர் கூறியதற்குப் பிரத்தியட்ச பிரமாணம் என்னிடமே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கத்தினனாயிருந்த ஒரு சங்கத்தின் கூட்டத்தில், மண்டபத்துக் கூரையை மாற்றும் பல்லாயிரம் ரிங்கிட் தீர்மானம் மின்விசிறி வேகம் பிடிப்பதற்குள் நிறைவேறிற்று. அடுத்த விஷயம், ஆண்டு விழாச் சிற்றுண்டி. நாசி லெமாக் பொட்டலமா, இடியப்பமா? நாசி லெமாக் என்றால் நெத்திலி தனியாக மடிக்கப்படுமா, சம்பலோடு கலந்துவருமா? இடியப்பம் என்றால் குருமாவில் உருளைக்கிழங்கு போதுமா, பட்டாணியும் வேண்டுமா? பெரியவர் ஒருவர் எழுந்து, முந்திய தலைவர் காலத்தில் பட்டாணி போட்டு வந்த கஷ்டத்தை விவரித்தார். செயலாளர், "ஐயா, கொஞ்சம் உட்காருங்க, அம்மா பேசட்டும்" என்று மூன்று முறை கெஞ்சினார். ஒரு மணி இருபது நிமிஷம். இதைக் குறைகூறும் உரிமை எனக்கில்லை. நெத்திலியைப் பற்றி நான் இருமுறை பேசினேன், பட்டாணியைப் பற்றி ஒருமுறை. கூரையைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டுக்கும் தகரத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் எனக்கு இன்றும் தெரியாது.

இவ்வளவும் நான் மனத்துக்குள் தொகுத்துக்கொண்டிருக்கையில் தேநீர் ஆறிவிட்டிருந்தது. கல்லாவிலிருந்த அண்ணன் எழுந்துவந்து, "குடுங்க ஐயா, இந்தப் பக்கத்து நுனிய இழுத்தா தன்னால அவுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார், அவிழ்ந்தது. எந்த நுனி என்று நான் குனிந்து பார்த்த அந்த விநாடியில், மேசையோரத்திலிருந்த கறிபாப்பைக் கிள்ளான் வம்சத்துக் காகம் ஒன்று கவ்விக்கொண்டு மின்கம்பத்துக்குப் போய்விட்டது. அலகு நன்றாகவே திறந்திருந்ததாகவும், நிதானமாகப் பார்த்திருக்கலாம் என்றும் கணிதப் பிள்ளை பிற்பாடு சாட்சி சொன்னார். நான் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.