நாய்க்கு ஒரு வாய்!

கேள்வி: எங்கள் பக் நாய் (7 கிலோ) கால் கிலோ பால்கோவாவை ஒரே மூச்சில் முடித்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பேதி. பால்கோவாவில் கலப்படமா? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி)

பதில்: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தின் மீது அபாண்டமா? சுத்தமான பால்கோவா என்பதுதான் இங்கே வில்லங்கமே. பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும். பால் சர்க்கரையும் கொழுப்பும் சட்டியிலேயே தங்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. செரிக்காதது குடலுக்குள் தண்ணீரை இழுக்க, மிச்சக் கதையை ராத்திரி முழுக்க நீங்களே துடைத்திருக்கிறீர்கள். பேதி ஒரு நாளில் நின்றால் தப்பித்தீர்கள். கொழுப்பு அவ்வளவு சுலபத்தில் விடாது, கணையத்தை வீங்க வைத்துவிடும். ஓயாத வாந்தி, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவது, முன்னங்காலை நீட்டிப் படுத்துப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்பது... கும்பிடு போடுகிறது என்று படம் எடுக்காதீர்கள். அது வயிற்றுவலி. கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்தில் ராஜபாளையம் நாய்க்கு மிச்சம் மீதியைத்தான் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. பொமேரியனுக்கு மட்டும் ஏன் இத்தனை பத்தியம்? (ராஜபாளையம் வாசகர்)

பதில்: ஒன்றும் ஆகவில்லை என்று தாத்தா சொன்னார், நாயைக் கேட்டீர்களா? 2005-ல் தபால்தலையில் ஏறிய உங்கள் ஊர் வேட்டை நாய் 25 கிலோவாவது இருக்கும். பொமேரியன் 5 கிலோ. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 15 கிராம் வெங்காயம் போதும், நாயின் சிவப்பணு உடையத் தொடங்க. அதாவது பொமேரியனுக்கு நடுத்தர வெங்காயம் ஒன்று. தாத்தாவின் நாய்க்கு ஐந்து. வதக்கினாலும் வேகவைத்தாலும் விஷம் போகாது. எனவே சால்னாவில் ஊறிய புரோட்டாவைக் கண்ணில் காட்டாதீர்கள். உடனே தெரியாது என்பதுதான் வம்பு: சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூத்திரம் கறுக்கும். நீங்களோ அந்தப் புரோட்டாவையே மறந்திருப்பீர்கள்.

கேள்வி: கூடாரவல்லிக்கு வீட்டில் அக்காரவடிசல் செய்வோம். சின்ன நாய்க்கு ஒரு வாய்? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி)

பதில்: முழங்கை வழிய நெய் வார்ப்பது மனிதக் கைக்கு; நாயின் கணையத்துக்கு அல்ல. அதைவிட மோசம் அதில் போடும் உலர்திராட்சை. சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் படுத்துவிடும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் வண்டி வண்டியாக இருப்பது நம் புளியில். ஆகவே புளியோதரையும் கிடையாது. நாயின் பங்கையும் நீங்களே சாப்பிடுங்கள், ஆண்டாள் கோபிக்க மாட்டாள்.

கேள்வி: சப்பட்டை மாம்பழம்? (ராஜபாளையம்)

பதில்: சதையில் இரண்டு துண்டு தாராளமாக. கொட்டை கூடாது. குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான்.

கேள்வி: வாந்தி பேதிக்கு நாம் போடும் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? (சத்திரப்பட்டி வாசகர்)

பதில்: கால் கூடக் கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் போடும் பாரசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே கூட நாய்க்கு ஆபத்து. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், உப்பே விஷமாகும். வளர்ந்த நாய் தெம்பாக இருந்தால் அரை நாள் சாப்பாட்டை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு குழைந்த சோறு, தோலும் எலும்பும் மசாலாவும் இல்லாத வெந்த கோழி. குட்டியைப் பட்டினி போடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். ஊசி போடாத குட்டிக்கு ரத்தப் பேதி என்றால் பார்வோ வைரஸாக இருக்கலாம். பத்தியச் சோறெல்லாம் அப்புறம், முதலில் ஆட்டோ பிடியுங்கள்.

கேள்வி: யார் சொன்னாலும் எங்கள் அப்பத்தா ரகசியமாக ஊட்டுகிறார். எப்படித் தடுப்பது? (ராஜபாளையம்)

பதில்: அப்பத்தாவையா? நடக்கிற காரியமா! அவர் மடியில் வேகவைத்த கேரட்டைக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். ரகசியமாகவே கொடுக்கட்டும்.